பனியன் துணி நட்சத்திரம்

மஞ்சள் தூளையும் சலவைக்குப் போடும் நீலத்தையும் ஒரே தண்ணீரில் கரைத்தால் பச்சை வரும். இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. ஒன்பது வயதில், ஒரு பயத்தில், நானே கண்டுபிடித்தேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற வயதுக்கு வந்துவிட்ட நீங்கள், என் வயதுக்காரர்கள், சின்ன வயதுப் பண்டிகைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதில் ஒரே பலகாரமும் பாட்டுமாக இருக்கிறது. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு பண்டிகையைப் பற்றிச் சொல்கிறேன். பலகாரத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் எட்டுக் குடும்பம், குடும்பத்துக்கு ஒரு அறை. அந்த வரிசையில் நாங்கள் மட்டும்தான் கிறிஸ்தவர்கள். அப்பா கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டினார். அவர் வீட்டுக்கு வந்தால் மெஷின் எண்ணெய் வாசனை முதலில் நுழையும், பின்னால் அவர் நுழைவார். அந்த வருஷம் ஆடி மாதம் காய்ச்சலில் படுத்தவர் பதினோரு நாளில் போய்விட்டார். தம்பிக்கு அப்போது நாலு வயது. அப்பா எங்கே என்று கேட்டால் நைட் ஷிப்டுக்குப் போயிருக்கிறார் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். அவனும் தினமும் காலையில் எழுந்ததும் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பல் விளக்குவான்.

அப்பா வேலை பார்த்த கம்பெனியிலேயே இரக்கப்பட்டு அம்மாவை எடுத்துக்கொண்டார்கள். தைத்து முடித்த பனியனில் தொங்கும் நூலைக் கத்தரித்து, மடித்து, அட்டைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. கைமடி என்பார்கள். காலை எட்டு மணிக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியாக இருக்கும். முந்தானையில் ஒரு பிடி வேஸ்ட் துணி இருக்கும். பனியனுக்குக் கழுத்தும் கையும் வெட்டும்போது மேஜையிலிருந்து கீழே விழுகிற துண்டுகள் அவை. லாந்தர் கண்ணாடி துடைக்க ஆகும், எடுத்துக்கொண்டு போ என்று மேஸ்திரியே சொல்லியிருந்தார். பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும் அந்த வெள்ளைத் துண்டுகள்தான் எங்கள் வீட்டில் குறைவில்லாமல் இருந்த ஒரே பொருள்.

அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே ஓர் அக்கா. எங்களுக்கு அத்தை. சோமனூரில் வாழ்க்கைப்பட்டிருந்தார். மாமாவுக்கு நாலு விசைத்தறி ஓடியது. பிள்ளை இல்லை. தாயில்லாமல் போன என் அப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அத்தைதான் என்பதால், தம்பி என்று அவர் சொல்லும்போது குரலே வேறாக இருக்கும். அப்பாவின் முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அத்தை அம்மாவிடம் பேசினார். எங்கள் வீட்டில் ஒளிந்து கேட்க இடமே கிடையாது. நான் பாத்திரம் துலக்கிக்கொண்டு பக்கத்திலேயேதான் இருந்தேன்.

"நீ காலைல போயி பொழுதுக்குத்தான் வருவே. இந்தப் பொட்டப்புள்ள அவனப் பாத்துக்குமா? எந்தம்பி பையன் தெருவுல நிக்கறத என்னால பாக்க முடியாது. எங்கூட அனுப்பிச்சிரு" என்றார்.

அம்மா அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டாள். கிறிஸ்துமஸுக்கு வந்து பாருங்க அண்ணி, பிள்ளைகள் ஒழுங்காக இல்லையென்றால் அப்புறம் நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்றாள். அத்தை நல்ல மனுஷிதான், அதையும் சொல்லிவிட வேண்டும். "செரி, வந்து பாக்கறேன். ஊடு நல்லா இருந்துச்சுன்னா நான் அப்பறம் வாயே தொறக்கல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்.

ஆக, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு அத்தை வருவார். வீடு நன்றாக இருந்தால் தம்பி எங்களோடு இருப்பான். இல்லாவிட்டால் போய்விடுவான். நாலு மாதம் இது என் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்தது. ராத்திரி அவன் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். அந்தப் பிடி இல்லாமல் எனக்குத் தூக்கம் வருமா என்று நினைத்து நினைத்துப் பார்ப்பேன்.

டிசம்பர் பிறந்து கொஞ்ச நாளில் வீட்டை அத்தையின் கண்ணால் ஒருமுறை பார்த்தேன். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. பானை மூடியில் சொட்டை. வாசலில் ஒன்றுமே இல்லை. அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நல்ல வீடு என்றால் கிறிஸ்துமஸுக்கு வாசலில் நட்சத்திரம் தொங்கும். முந்தின வருஷம் அப்பா கட்டிய நட்சத்திரம் எங்கள் வாசல்படியைவிட அகலம். உள்ளே உட்கார்ந்து கட்டிவிட்டு வெளியே கொண்டுபோக முடியாமல் சாய்த்துத் திருப்பி அவர் பட்ட பாட்டைப் பார்த்து லைனே சிரித்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் எப்படிக் கட்டுவதென்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பார்ப்பதும் தெரிவதும் ஒன்றில்லை என்பது மூங்கிலைக் கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது.

மூங்கிலுக்கு எங்கே போவது? கம்பெனிக்குப் பின்னால் ஒடிந்த கூடை ஒன்றைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். தம்பியும் நானும் அதை இழுத்து வந்து பிரித்தோம். கூடை மூங்கில் வளைந்தே பழகியது, நேராக நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. தண்ணீரில் ஊற வைத்து, அம்மிக்கல்லை மேலே ஏற்றி இரண்டு நாள் வைத்தேன். சிலாம்பு ஏறி விரலெல்லாம் ரத்தம். இரண்டு நட்சத்திரம் கட்டி, நுனிகளைச் சேர்த்து, நடுவில் குச்சி கொடுத்து விரிக்க வேண்டும். கட்டி முடித்துத் தூக்கிப் பிடித்தால் ஒரு முனை மற்றதைவிட ஒரு சாண் நீளம். நட்சத்திரத்துக்குக் கால் வீங்கிப்போச்சு என்று தம்பி சொன்னான். சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை, அவன் முதுகில் ஒன்று வைத்தேன். அதையும் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

கலர் பேப்பர் வாங்க வழியில்லை. பனியன் துணி இருக்கிறதே என்று தோன்றியது. சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்துச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டினேன். பனியன் துணி இழுத்த பக்கமெல்லாம் வரும், அந்த ஒரு நல்ல குணம் அதற்கு உண்டு. உள்ளே விளக்கை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் பால்போல வெளியே வந்தது. பனியன் துணியை ஒரு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் அது தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இது பிறவி ஞானம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படி நூற்றுக்கணக்கில் இழுத்து, முடிந்து, தோரணமாகச் சுவருக்குச் சுவர் கட்டினோம். பெயர்ந்த காரை மறைகிற மாதிரி பார்த்துப் பார்த்துக் கட்டினேன்.

எல்லாம் வெள்ளையாக இருந்தது. கம்பெனியில் சலவைக்குப் போட்டு உலர்த்துகிற மாதிரி இருக்கிறது என்று எனக்கே பட்டது. அப்போதுதான் மஞ்சள், நீலம், இரண்டும் சேர்ந்த பச்சை. சிவப்பு வேண்டும் என்று தம்பி கேட்டான். சிவப்புக்கு நான் எங்கே போவேன்? அவனிடம் ஒரு தகர டப்பா இருந்தது. தீபாவளி முடிந்த மறுநாள் தெருவெல்லாம் பொறுக்கிய வெடிப் பேப்பர் அதில் இருந்தது. யாருக்கும் தர மாட்டான், வாசனை பார்ப்பதற்கென்றே வைத்திருந்தான். அவனே போய் அந்த டப்பாவைக் கொண்டுவந்து, தலையைத் திருப்பிக்கொண்டு, தண்ணீருக்குள் கவிழ்த்தான். சாயம் இறங்கி, வெந்நீரில் ரத்தம் மாதிரி ஒரு சிவப்பு வந்தது. நட்சத்திரத்தின் வாலுக்கு அதுதான்.

பனியன் பெட்டி ஒன்றைப் படுக்க வைத்துக் குடில் செய்தோம். களிமண்ணில் மாடு, ஆடு, மரியாள் வரைக்கும் வந்துவிட்டது. யோசேப்புக்கு மண் போதவில்லை. பெட்டியின் உள்மூடியில் பெரிய மீசையோடு ஒருவர் பனியன் போட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற படம் உண்டு. இவரே இருக்கட்டும் அக்கா, நல்ல தெம்பா இருக்கறார் என்று தம்பி முடிவு செய்தான். அந்த வருஷம் எங்கள் குழந்தை இயேசுவுக்கு அப்பா ஒரு பயில்வான். இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு வீட்டில் யாரும் மிஞ்சவில்லை, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

வெறும் கையோடு அத்தையை வரவேற்கக் கூடாது என்று பரிசும் தைத்தேன். அத்தைக்கு ஒரு சுருக்குப் பை, பச்சைச் சாயத்தில். அம்மாவுக்கு அடுப்பிலிருந்து சட்டி இறக்கப் பிடிதுணி, நாலு மடிப்பு. தம்பிக்குத் துணிப்பந்து. கடைசி வேஸ்ட் வரைக்கும் அந்தப் பந்துக்குள் வைத்துச் சுற்றினேன்.

ஒட்டுவதற்குக் கொஞ்சம் மைதா கேட்டுப் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். எங்கள்மேல் பிரியமானவர், பகலில் தம்பியைப் பார்த்துக்கொள்வதே அவர்தான். பசை காய்ச்ச என்றதும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றார்.

"உங்களுக்கு இந்த வருசம் உண்டாங் கண்ணு?" என்று கேட்டார்.

"உண்டுங்க அக்கா" என்றேன். கிறிஸ்துமஸ் எல்லா வருஷமும்தானே வரும், இதென்ன கேள்வி என்று நினைத்துக்கொண்டேன். அவர் வேறு சாதி, வேறு மதம். எங்களில் வழக்கம் வேறு மாதிரி இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். மேலே எதுவும் கேட்காமல் கிண்ணம் நிறைய மைதா தந்தார். அவர் ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருக்கலாம். நான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பதில் சொல்லியிருக்கலாம்.

இருபத்து மூன்றாம் தேதி பொழுது சாய்வதற்குள் நட்சத்திரத்தை வாசல் விட்டத்தில் கட்டிவிட்டோம். அம்மா லைனுக்குள் திரும்பியவள் அதைப் பார்த்து அப்படியே நின்றாள். கையிலிருந்த சோற்றுத் தூக்குப்போசியைக்கூடக் கீழே வைக்கவில்லை. தம்பி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்து, சிவப்பு வால், பச்சைத் தோரணம், பயில்வான் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, சத்தம் போட்டுச் சிரித்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்து, சந்தோஷத்தில்தான் பேச்சு வரவில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

சோறு போடும்போது மெதுவாகக் கேட்டாள். "அத உள்ள மாட்டிக்கலாமா கண்ணு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே மாட்டினால் தெருவிலிருந்து அத்தைக்கு எப்படித் தெரியும், பத்து நாளாக விரலைக் கிழித்துக்கொண்டு கட்டியதெல்லாம் எதற்கு என்று கத்தினேன். தம்பியும் சேர்ந்துகொண்டான். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சரி, அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தன் தட்டில் தண்ணீரை ஊற்றினாள்.

மறுநாளும் கம்பெனி உண்டு. அம்மா போய்விட்டாள். அத்தை சாயங்கால பஸ்ஸுக்கு வருவதாகக் கடுதாசி போட்டிருந்தார். மத்தியானமே நான் தம்பியைக் குளிப்பாட்டி, தலை வாரி, உட்கார வைத்துவிட்டேன். பொழுது இறங்குகிற நேரத்தில் எங்கள் சபையின் கேரல் கோஷ்டி மேளத்தோடு வந்தது. லைன் முனையில் எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு வராமல் நேராகப் போனார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தை வருகிற நேரம், ஊரெல்லாம் பாடுகிறவர்கள் எங்களை மட்டும் தாண்டிப் போனால் வீட்டுக்கு என்ன மரியாதை? பின்னாலேயே ஓடினேன். எங்க ஊட்டுக்கு வரலீங்களா என்று கோஷ்டியை நடத்தி வந்த உபதேசியாரின் சட்டையைப் பிடித்தேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நட்சத்திரம் அவர் கண்ணில் பட்டது. "வரலாமாங் கண்ணு? அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?" என்றார்.

"அம்மாதானுங்க வரச் சொன்னாங்க" என்றேன்.

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது. அவர்கள் வந்தார்கள். மேளம் அடித்துப் பாடினார்கள். லைன் முழுவதும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. தம்பி நடுவில் நின்று குதித்து ஆடினான். நட்சத்திரத்துக்குள் விளக்கு எரிந்தது. வீடு இதைவிட நன்றாக இருக்க முடியாது என்று எனக்கு அப்போது பட்டது. அந்த நிமிஷம் லைன் முனையைப் பார்த்தேன். வெள்ளைச் சேலையில், தலையில் ஒரு மூட்டையோடு, அத்தை நின்றுகொண்டிருந்தார். நான் கையை ஆட்டினேன்.

அவர் வரவில்லை. பாட்டு முடிந்து கோஷ்டி நகர்கிறவரை அங்கேயே நின்றார். உபதேசியார் அவரைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகுதான் அத்தை நடந்து வந்து, வாசல்படி ஏறாமல், நட்சத்திரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. அம்மா அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றாள்.

"ஆரு கட்டுனது இது?" என்றார் அத்தை.

நான் பெருமையோடு வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, "நாந்தானுங்க அண்ணி" என்றாள்.

"எந்தம்பி போயி முழுசா அஞ்சு மாசம் ஆகல. அங்க நான் ஒரு இனிப்பு வாயில வெக்கல. நீ இங்க மோளம் அடிச்சுக் கொண்டாடறே." அத்தை கத்தவே இல்லை. லைனில் மற்றவர்களுக்குக் கேட்டுக்கூட இருக்காது.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த வழக்கம் தெரிந்தது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிறவரை பண்டிகை கிடையாது. பலகாரம் சுடக் கூடாது, நட்சத்திரம் கட்டக் கூடாது, கேரல் கோஷ்டியும் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடும். எங்கள் பக்கத்தில் இந்துவும் அப்படித்தான், கிறிஸ்தவரும் அப்படித்தான். அத்தை வெள்ளைச் சேலையில் வந்ததும் அந்தத் துக்கத்தில்தான். எல்லாப் பெரியவர்களுக்கும் தெரிந்ததை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் அப்பா செத்துப்போனதைத் தம்பி முன்னால் சொல்ல வேண்டியிருக்கும். அம்மாவால் அது முடியவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான்தான் கட்டினேன் அத்தை, நான்தான் அவர்களைக் கூப்பிட்டேன், அம்மா உள்ளே மாட்டச் சொன்னாள் என்று மூன்று வாக்கியம். வரவில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். தம்பி ஒன்றும் புரியாமல் சுருக்குப் பையைக் கொண்டுபோய் அத்தையிடம் நீட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேள்வி என் பக்கம் வந்தது. "இதுவும் உங்கம்மா தெச்சதா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அத்தை பையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். பையனுடைய துணிமணியை எடுத்து வை என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா எடுத்து வைத்தாள். தானே கொடுத்த வாக்கு அல்லவா.

மறுநாள் கோயிலுக்குப் போய் வந்ததும் கிளம்பினார்கள். அம்மா அவனுக்குத் தலைக்கு ஊற்றி, துவட்டி, வகிடு எடுத்து, சரியாக வரவில்லை என்று கலைத்து, மறுபடி எடுத்து, மறுபடி கலைத்தாள். பஸ் நேரமாகிறது என்று அத்தை சொன்ன பிறகுதான் சீப்பைக் கீழே வைத்தாள். தறி ஓடுவதைப் பார்க்கப் போகிறோம், இரண்டு நாளில் வந்துவிடலாம் என்று அவனிடம் சொல்லியிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை நான் போனேன், அம்மா வரவில்லை. அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து பந்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டே போனான். நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா தோரணத்தை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெட்டினால் ஒரு நிமிஷ வேலை. சாயங்காலம் வரைக்கும் அவிழ்த்தாள்.

பல வருஷம் கழித்து அவளிடம் கேட்டேன், ஏன் நீதான் கட்டினாய் என்று சொன்னாய் என்று. "உன்னச் சொன்னா, புள்ளைக்கு நல்லது பொல்லாதது சொல்லிக் குடுக்கக்கூட ஆளில்லாத ஊடுன்னு ஆயிருக்கும்" என்றாள். தெரிந்தும் அதை ஏன் கழற்றவில்லை என்று கேட்டேன். உங்கப்பா போன பின்னால் அன்றைக்குத்தான் அவன் சிரித்தான் என்றாள். இரண்டு பதிலையும் நான் எத்தனையோ முறை நிறுத்துப் பார்த்துவிட்டேன். அவள் போட்ட கணக்கு தப்பு. சின்னப் பிள்ளைகள் செய்தது என்று தெரிந்திருந்தால் அத்தை அந்த நட்சத்திரத்துக்குக் கீழே உட்கார்ந்து எங்களைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அத்தையும் காலமான பிறகு மாமா என்னிடம் ஒருநாள் சொன்னார்.

"உங்கத்தை அன்னிக்கு அவனக் கூட்டிட்டு வர்றக்குப் போகல கண்ணு. உங்கம்மா ஒத்தையில நின்னு சமாளிக்குது, பாவம், இனி பையனக் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனா."

அந்த மூட்டையை அத்தை எங்கள் வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார். அரை மூட்டை கம்பு, அம்மாவுக்குக் கரையில்லாத ஒரு சேலை, எனக்கு ஒரு பாவாடை, தம்பிக்கு ஒரு சிலேட்டு. திருப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாங்கிய சிலேட்டு என்று மாமா சொன்னார். அப்போதும் நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. தம்பியிடமும் இன்றுவரை சொல்லவில்லை. அப்பா செத்த வருஷமே நட்சத்திரம் கட்டிக் கொண்டாடிய அம்மா என்றுதான் அவன் கேட்டு வளர்ந்திருப்பான். இதை எழுதுகிற கை இப்போதும் கூசுகிறது.

அவனைக் கூட்டிப்போன பிறகு, கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம், பையன் ஏங்கிப்போவான் என்று அத்தை சொல்லியனுப்பினார். சபையில் பெரியவர்களும் அதுதான் சரி என்றார்கள். அம்மா கேட்டுக்கொண்டாள். வேலை, வீடு, வேலை என்று நாலு மாதம் போனது. ராத்திரி சில நேரம் அவள் கையே என் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருக்கும். சித்திரையில் கம்பெனிக்கு இரண்டு நாள் லீவு விட்டார்கள். அத்தையும் வரச் சொல்லிக் கடுதாசி போட்டிருந்தார். அம்மா விடியும் முன்னே குளித்து, அவனுக்குப் பிடிக்கும் என்று நாலு பன் வாங்கிக்கொண்டு, என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் பன் நசுங்காமல் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். இளைத்திருப்பானோ என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

சோமனூரில் தெருமுனையிலேயே தறிச் சத்தம் காதை அடைத்தது. அத்தை வீட்டு வாசலில் அவன் விளையாடிக்கொண்டிருந்தான். இளைக்கவில்லை. சதை போட்டிருந்தான், புதுச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. எங்களைப் பார்த்ததும் இரண்டு எட்டு ஓடி வந்தான். அம்மா குனிந்து கையை விரித்தாள். அவன் சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தான். நடைவாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். சொல்லு சாமி, எப்படிச் சொல்லோணும்னு சொல்லிக் குடுத்தேன் என்றார். குரலில் கடுமை இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

தம்பி இரண்டு கையையும் கூப்பினான்.

"வாங்க அத்தை" என்றான்.

அத்தையை அம்மா என்று கூப்பிடப் பழக்கியாகிவிட்டது. அம்மா என்று ஒருவர் இருந்தால், அந்த அம்மாவுடைய தம்பி பெண்டாட்டி அத்தைதானே. முறை பிசகவே இல்லை. என்னை மட்டும் அக்கா என்றே விட்டுவைத்திருந்தார்கள். முறைப்படி போனால் நான் அவனுக்கு மாமன் மகளாகிவிடுவேன், அவ்வளவு தூரம் யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

அம்மா விரித்த கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். நிமிர்ந்தாள். உள்ளே வந்து, சுவரோரம், விருந்தாளிகள் உட்காருகிற பாயில் உட்கார்ந்தாள். அவன் உள்ளே ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்து, அவளிடம் நீட்டினான். அவள் அதை வாங்கி, அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"இன்னுங் கொஞ்சம் வேணுங்களா அத்தை?"

"போதுங் கண்ணு" என்றாள் அம்மா.